பூசணி விதையோடு வரும் பூஞ்சை நோய்கள்: சிங்கப்பூர்ப் பாத்திக்கு எந்த விதை, எந்த நேர்த்தி?

மஞ்சள் பூசணி போட நினைக்கும் சிங்கப்பூர்த் தோட்டக்காரரிடம் விதைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. தேக்கா சந்தையில் வாங்கிய காயை நறுக்கும்போது கைநிறைய விதை வருகிறது. ஊரிலிருந்து வரும் அத்தையோ சித்தப்பாவோ காகிதத்தில் மடித்து நாட்டுவிதை கொண்டுவருகிறார்கள். செடிக்கடையில் பொட்டலம் தொங்குகிறது. போன பருவத்தில் காய்த்த கொடியின் விதையைப் பக்கத்துப் பாத்திக்காரர் தருகிறார். இவற்றுள் எதை எடுப்பது, எடுத்ததை அப்படியே ஊன்றுவதா அல்லது விதைநேர்த்தி (நோய் வராதபடி ஊன்றுமுன் விதையைப் பதப்படுத்துவது) செய்து ஊன்றுவதா என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவது கேள்வியில்தான் மெனக்கெடுகிறார்கள். என் கணிப்பில் முதல் கேள்விதான் பெரியது. அதில் தவறினால் இரண்டாவதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஈடுசெய்வது கடினம்.

இப்படிச் சொல்வதற்கு இங்குள்ள நிலத்தின் அளவே காரணம். தேசியப் பூங்காக் கழகம் 2016இல் ஹோர்ட்பார்க்கில் தொடங்கி, பிறகு பல பூங்காக்களுக்கும் விரிவுபடுத்திய வாடகைத் தோட்டப் பாத்தி ஒன்று இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்டது. அதன் குத்தகைக் காலம் மூன்றாண்டு. பூசணியின் அடித்தண்டை அழுகச் செய்யும் ஃபியூசேரியம் பூஞ்சை மண்ணில் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். தண்டில் பிசின் வடியச் செய்யும் கருகல் நோயின் பூஞ்சையோ, காய்ந்த கொடியின் மிச்சங்களில் ஏறத்தாழ இரண்டாண்டு தங்கும். தஞ்சாவூரிலோ திண்டுக்கல்லிலோ ஒரு வயலில் நோய் வந்தால் அடுத்த பருவத்துக்கு வேறு வயலைப் பார்க்கலாம். இங்கே நோயுள்ள ஒரு விதை உள்ளே வந்துவிட்டால், குத்தகை முடியும்வரை அந்தப் பாத்தியில் பூசணி மட்டுமல்லாமல் பாகல், புடல், பீர்க்கு, சுரை, வெள்ளரி என்று நம்மவர்கள் விரும்பிப் போடும் கொடிகளில் பெரும்பாலானவற்றையும் மறக்க வேண்டியிருக்கும். இவை எல்லாம் ஒரே குடும்பம், பிசின் கருகலுக்கு எல்லாமே இடம் கொடுக்கும். கடைப் பொட்டலத்தின் விலை சில வெள்ளிதான், பாத்தியின் மண்ணுக்கு அப்படி எளிதாக விலைபோட முடியாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

விதை வழியாக எவை வருகின்றன, எவை வருவதில்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குற்றமில்லாத விதையின்மேல் பழி விழுவது இங்கே அன்றாடம் நடக்கிறது. இலையின்மேல் மாவு தூவியதுபோல் படரும் சாம்பல் நோய் காற்றில் வரும் வித்துகளால் பரவுவது. விதையை எந்தக் கரைசலில் நனைத்தாலும் அது வரும்போது வரத்தான் செய்யும். இலையின் மேற்புறத்தில் கோணல் கோணலாக மஞ்சள் திட்டுகளும் அடிப்புறத்தில் சாம்பல்நிறப் படலமும் காட்டும் அடிச்சாம்பல் நோயும் பெரும்பாலும் காற்று கொண்டுவருவதே. முளைத்த நாற்று இரண்டே நாளில் மண்மட்டத்தில் இற்றுச் சாய்கிறது என்றால், தண்ணீர் தேங்கிய மண்ணில் இருக்கும் பித்தியம் என்னும் நுண்ணுயிரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விதையோடு வந்து நம்மை வாட்டக்கூடியவற்றுள் இரண்டே தலையானவை. ஒன்று பிசின் தண்டுக் கருகல். இதன் பூஞ்சை நெடுங்காலம் டிடிமெல்லா பிரையோனியே என்று அழைக்கப்பட்டது. இப்போது ஸ்டகோனோஸ்போரோப்சிஸ் என்னும் பேரினத்தின்கீழ் மூன்று இனங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஸ்டகோனோஸ்போரோப்சிஸ் காரிகே என்பது பப்பாளியையும் தாக்கும் என்பதால், பூசணிப் பாத்தியின் ஓரத்தில் பப்பாளிக் கன்று வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தப் பூஞ்சை பூசணி விதையின் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தோலுக்குள்ளும், சில விதைகளில் உள்ளிருக்கும் பருப்பிலும்கூட இருக்கும். முளைத்தபின் விதையிலையில் நீர்கோத்த பழுப்புப் புள்ளி தோன்றும், அது விரிந்து காய்ந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மிளகுத்தூளைவிட நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். கொடி வளர்ந்தபின் கணுவை ஒட்டித் தண்டு வெளிறி வெடித்து, தேன்நிறத்தில் பிசின் துளிர்த்து நிற்கும். காயில் வரும்போது அது கருப்பு அழுகலாகிறது. இலை நனைந்தே இருக்கும் நாள்களில் இந்நோய் வேகமாகப் பரவும். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழையும், சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் காற்றின் ஈரப்பதமும் உள்ள இந்தத் தீவில் இலை எப்போது காய்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

மற்றொன்று ஃபியூசேரியம் சொலானியின் பூசணிக் குடும்பத்துக்கே உரிய வகை உண்டாக்கும் அடித்தண்டு அழுகல். கொடி பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு நண்பகலில் வாடும், மாலையில் நிமிராது. மண்ணை விலக்கிப் பார்த்தால் தண்டின் அடிப்பகுதி சுற்றிலும் கருத்து மெத்தென்று ஆகியிருக்கும், இழுத்தால் வேர் மண்ணிலேயே தங்கிவிட்டுத் தண்டு மட்டும் கையோடு வரும். மண்ணில் படிந்து கிடக்கும் காயின் அடிப்புறத்திலும் இது இறங்கும், அந்தக் காயின் விதைக்குள்ளும் போய்விடும். இதன் ஒரே பலவீனம், விதைக்குள் ஓரிரண்டு ஆண்டுக்குமேல் உயிர்வாழாது என்பது. நன்றாகக் காய வைத்துப் பாதுகாத்த பூசணி விதையோ நான்கு ஆண்டுவரை முளைக்கும். ஆகவே பழைய விதை என்று யாராவது தயங்கித் தந்தால், இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. ஆனால் பிசின் கருகலுக்கு இந்தச் சலுகையை நீட்டக்கூடாது.

ஆந்த்ராக்னோஸ் பூஞ்சையும் விதையோடு வரும். ஆனால் வெள்ளரியையும் தர்பூசணியையும் படுத்தும் அளவுக்குப் பூசணியை அது படுத்துவதில்லை. கிளாடோஸ்போரியம் உண்டாக்கும் சொறி நோய் குளிர்ப்பகுதிக்கானது என்பதால் நாம் அதை விட்டுவிடலாம்.

இனி விதைகளுக்கு வருவோம். சந்தைக் காயின் விதைதான் எளிதானது, இலவசமானது, எனவே அதுதான் அதிகமாக ஊன்றப்படுகிறது. அதன் குறை என்னவென்றால், காயைப் பார்க்கிறோமே தவிர அது காய்த்த கொடியை நாம் பார்ப்பதில்லை. கொடியின் தண்டில் பிசின் வடிந்ததா, பக்கத்துக் கொடி வாடியதா என்பதெல்லாம் தோட்டத்தோடு போய்விடுகிறது. முழுக் காயாக வாங்கி, காம்பைச் சுற்றியும் பூ உதிர்ந்த முனையிலும் குழிவோ கருமையோ இல்லை என்று உறுதிசெய்து, நன்றாக முற்றிய காயிலிருந்து எடுத்தால் ஓரளவு நம்பலாம். பேரங்காடிக் குளிர்ப்பெட்டியில் நெகிழியால் சுற்றி வைத்த கீற்றிலிருந்து எடுப்பதை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். வெட்டுப்பட்ட சதையோடு ஈரத்தில் கிடந்த விதையில் எந்தப் பூஞ்சை ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்றும் உண்டு: வணிகத்துக்குப் பயிரிடுபவை பல முதல்தலைமுறைக் கலப்பினங்கள், அவற்றின் விதை தாயைப்போல் காய்க்காது. ஆக, நோய்க்கான ஆபத்தையும் ஏற்று, என்ன காய் வரும் என்ற உறுதியும் இல்லாமல் நான்கு மாதம் ஒரு பாத்தியைக் கொடுக்கிறோம்.

ஊரிலிருந்து வரும் நாட்டுவிதையை விமர்சிப்பது எனக்கே சங்கடமானது, ஏனென்றால் சுவையில் அதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. ஆனால் நோயின் கோணத்தில் பார்த்தால், ஊர்ப் பொட்டலமும் சந்தைக் காயும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன: கொடியைக் கண்டவர் வேறு, விதைப்பவர் வேறு. அதோடு வெளிநாட்டிலிருந்து விதை கொண்டுவருவது தாவரச் சுகாதார விதிகளுக்கு உட்பட்டது. தேசியப் பூங்காக் கழகத்தின் நிபந்தனைகளைப் பார்க்காமல் பெட்டிக்குள் செருகிக் கொண்டுவருவது, ஒரு பாத்தியை மட்டுமல்ல, சுற்றியுள்ள எல்லோரையும் பாதிக்கக்கூடியது. நாட்டுரகம்தான் வேண்டும் என்றால், முறையாகச் சான்றளித்த விதையைத் தேடுவது நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 ஏழெட்டுக் கிலோ எடையில் காய்ப்பது, கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோவில் நின்றுவிடுவது. இரண்டரை மீட்டர் பாத்திக்கு எது பொருத்தம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

கடைப் பொட்டலங்கள் இரு வகை. ஒன்று மருந்து பூசாத இயல்பான விதை. மற்றொன்று தைரம் போன்ற பூஞ்சைக்கொல்லியும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று ஏதாவது சாயமும் பூசிய விதை. பூசிய விதை முளைக்கும் பருவத்தில் மண்ணிலுள்ள பூஞ்சைகளிடமிருந்தும், விதையின் மேல்தோலில் உள்ளவற்றிடமிருந்தும் நாற்றை நன்றாகவே காக்கும். ஆனால் தைரம் விதைக்குள் ஊடுருவும் மருந்தல்ல, உள்ளே இருக்கும் பிசின் கருகலை அது தொடாது. ஐரோப்பிய ஒன்றியம் தைரத்துக்கான அனுமதியை 2018இல் நீட்டிக்க மறுத்தது என்பதையும் நினைவில் வைக்கலாம். சமூகத் தோட்டத்துக்கு வண்ண விதையை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இன்னும் எளியது: பூசணி விதை நம் வீடுகளில் வறுத்துத் தின்னும் பண்டம், தோட்டத்துக்குப் பிள்ளைகளும் வருகிறார்கள், மிச்சப் பொட்டலம் சமையலறை அலமாரியில்தான் போய் உட்காரும். பண்ணையாளருக்கு அது சரியான தேர்வாக இருக்கலாம்; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு அல்ல. மருந்து பூசாத பொட்டலத்தில் தொகுதி எண்ணும், முளைப்புத் திறனும், பொட்டலமிட்ட தேதியும் அச்சிட்டிருந்தால், அந்த விதைக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அந்த மூன்றும் இல்லாத பொட்டலம், அழகான படம் போட்ட சந்தைக் காய் விதைதான்.

எல்லாவற்றிலும் மேலானது நீங்களே கண்ட கொடியின் விதை, அந்தக் கொடி சுத்தமாக இருந்திருந்தால் மட்டும். விதைக்கு என்று ஒரு காயை முன்கூட்டியே குறித்துவைத்து, அது மண்ணைத் தொடாதபடி ஓட்டுத்துண்டின்மேலோ பந்தலிலோ வைத்து, காம்பு காய்ந்து கட்டையாகும்வரை விட்டுப் பறித்து, அதன்பின்னும் சில வாரம் நிழலில் வைத்திருந்து அறுக்க வேண்டும். வேறு பூசணி ரகம் பக்கத்தில் இருந்தால், முந்தின மாலையே பெண்பூவின் வாயைக் கட்டிவைத்து, மறுநாள் அதிகாலையில் கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி கட்டிவிட வேண்டும். இந்த வேலைகளெல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் காய வைப்பதில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இங்குள்ள ஈரக்காற்றில் தாழ்வாரத்தில் பரப்பிய விதை தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை பச்சையாகப் பூத்துவிடும். சதையைக் கழுவி நீக்கி, மின்விசிறிக் காற்றிலோ குளிரூட்டிய அறையிலோ உலர்த்தி, பிறகு சிலிக்கா ஜெல்லோடு கண்ணாடிப் போத்தலில் அடைத்து, வளைத்தால் வளையாமல் படக்கென்று உடையும் நிலை வந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

விதைநேர்த்திகளில் முதலில் கழிக்க வேண்டியது வெந்நீர். இதைச் சொன்னால் பலர் ஏற்பதில்லை, ஏனென்றால் முட்டைக்கோஸ், தக்காளி விதைகளை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைப்பது நன்கு நிலைபெற்ற முறை, விதைக்குள் இருக்கும் கிருமியையும் அது எட்டும். ஆனால் பூசணி விதை பெரியது. வெப்பம் நடுப்பகுதியைச் சேர்வதற்குள் ஓரப்பகுதி வெந்துவிடும். பூசணிக் குடும்பத்தின் விதைகள் வெந்நீரில் கடுமையாகச் சேதமடையும் என்று அமெரிக்க வேளாண் விரிவாக்க நிலையங்களே எச்சரிக்கின்றன. வெப்பத்தை ஒரு டிகிரி பிசகாமல் காக்கும் கருவி இல்லாமல் அடுப்படியில் செய்வது, நோயோடு சேர்த்து முளையையும் கொல்வதாகவே முடியும்.

அதற்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது வெளுப்புத் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 5 விழுக்காட்டை ஒட்டிய வலிமையுள்ள, வாசனையோ வேறு சேர்மானமோ இல்லாத திரவத்தில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு விட்டு, விதையை ஒரு நிமிடம் கலக்கி, ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம் அலசி, நேர்த்தி செய்த அன்றே ஊன்றிவிட வேண்டும். ஊன்றாவிட்டால் நன்றாக உலர்த்த வேண்டும். காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு செய்யுங்கள், வினிகரோ கழிவறைக் கழுவியோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். செலவு சில காசு, பயன் உறுதி, எல்லையும் தெளிவு: மேல்தோலில் உள்ளதை மட்டும் கொல்லும். சந்தைக் காயின் விதைக்கும் பெயர் தெரியாத பொட்டலத்துக்கும் இது கட்டாயம் என்பேன். சுத்தமான கொடியின் விதைக்கு இது தேவையற்ற வேலை.

டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை பற்றி மிகையான நம்பிக்கை உலவுகிறது. கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் 10 கிராம், அல்லது கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி 2 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. முதலிரண்டும் நன்மை செய்யும் உயிரிகள். வேரைச் சுற்றி இடம்பிடித்து மண்ணிலிருந்து வரும் அழுகலைத் தடுக்கின்றன. நோயுள்ள விதையைச் சுத்தமாக்குவது அவற்றின் வேலை அல்ல. ஆகவே வெளுப்புத் திரவத்துக்குப் போட்டியாக இவற்றை நிறுத்துவதே பொருந்தாது. அலசி உலர்ந்தபின் மேலே பூசுவது நல்ல துணை, அதே நேரத்தில் இரண்டையும் சேர்த்தால் உயிரி செத்துப்போகும். கார்பென்டசிமைப் பொறுத்தவரை, பிசின் கருகல் பூஞ்சை இவ்வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது; ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து பயன்படுத்த எண்ணுபவர்கள், இங்கே பயிர்மருந்துகள் தாவரக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வருபவை என்பதைத் தெரிந்துகொண்டு அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

இத்தனை நேர்த்திகளும் விதைக்குள் இருப்பதை விட்டுவிடுகின்றன என்றால், உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஆய்வகங்கள் ஈரத்தாளில் நூற்றுக்கணக்கான விதைகளைப் பரப்பிச் செய்யும் சோதனையை வீட்டளவில் செய்யலாம். மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில் சமையலறைத் தாளை மூன்று மடிப்பாக விரித்து, தண்ணீர் சொட்டாத அளவுக்கு நனைத்து, ஒன்றையொன்று தொடாமல் பத்துப் பதினைந்து விதையை அடுக்கி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் ஒரு வாரம் வையுங்கள். கறுப்பு, பச்சைப் பொடியாகப் பூப்பவை பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் முதலிய சேமிப்புப் பூஞ்சைகள். அவை காய வைத்ததில் உள்ள குறையைக் காட்டுகின்றன. தோலில் வரிசையாக அழுந்திய கரும்புள்ளிகளும், முளைத்த விதையிலையில் நீர்கோத்த பழுப்பும் தெரிந்தால் பிசின் கருகலைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து முளைவேரின் அடியைப் பழுப்பாக்கினால் ஃபியூசேரியமாக இருக்கலாம். ஆய்வகத் துல்லியம் இதற்குக் கிடையாது, சுத்தம் என்று காட்டிய தொகுதியில் ஒன்றிரண்டு தப்பியிருக்கவும் கூடும். ஆனால் கெட்டது என்று காட்டியதைக் கைவிட இது போதும். சந்தேகத்துக்கு இடமான ஒரே விதைக்காகக்கூட முழுத் தொகுதியையும் கைவிடுவதுதான் என் நிலைப்பாடு. மூன்றாண்டுக் குத்தகையோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பல்ல.

ஆக, வாடகைப் பாத்திக்கும் சமூகத் தோட்டத்துக்கும் தாளில் சோதித்த சொந்தக் கொடி விதை முதலிடம். அது இல்லாவிட்டால் தொகுதி எண்ணுள்ள, மருந்து பூசாத பொட்டலம், சோதித்து, வெளுப்புத் திரவத்தில் அலசி, விரும்பினால் டிரைக்கோடெர்மா பூசி. தாழ்வாரத்தில் பெரிய தொட்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. நோய் வந்தால் அந்தத் தொட்டி மண்ணை மட்டும் தள்ளிவிடலாம் என்பதால், அலசிய சந்தைக் காய் விதையைப் பரீட்சித்துப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அந்த மண்ணைப் பொதுப் பாத்தியில் கொட்டாதவரை.

எந்த விதையானாலும் ஊன்றும் மாதம் அதன் தலைவிதியை மாற்றும். பொங்கலுக்குச் சொந்தப் பூசணி வேண்டும் என்று செப்டம்பர், அக்டோபரில் ஊன்றினால், கொடி படரும் காலமும் காய் பிடிக்கும் காலமும் மழை மிகுந்த நவம்பர், டிசம்பரில் மாட்டிக்கொள்ளும், விதையோடு வந்த ஒரேயொரு பிசின் கருகல் நாற்று போதும், மழைத்துளி தெறித்துப் பாத்தி முழுக்கப் பரவிவிடும். ஜனவரி நடுவில் ஊன்றினால் மழை குறைந்த பிப்ரவரியில் இலை காய நேரம் கிடைக்கிறது. நாற்றைத் தனித்தனிச் சிறு தொட்டியில் வளர்த்து, விதையிலைகளும் முதல் இரண்டு உண்மையிலைகளும் விரிந்து சுத்தமாக இருப்பதைப் பார்த்தபின் பாத்திக்கு மாற்றுங்கள். புள்ளி தென்பட்ட நாற்றைத் தொட்டி மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும், தோட்டத்து உரக்குழியில் போடக்கூடாது. நோயுற்ற கொடியை நறுக்கிய கத்தரிக்கோலையும் துடைக்காமல் அடுத்த பாத்திக்காரரிடம் இரவல் கொடுக்க வேண்டாம்.